‘வலி இருக்கா?’ வெல்ஷில் கேட்பது எப்படி?

வேல்ஸின் வடமேற்கில், பாங்கோர் நகரில் முதியோர் வார்டு நர்ஸ் நான். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 18 சதவீதம்தான். பாங்கோர் இருக்கும் குவினெத் பகுதியிலோ 64 சதவீதம். மறதி நோய் முற்றிய சிலருக்குப் பிற்பாடு படித்த ஆங்கிலம் நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சுகிறது. அவர்களிடம் என் ஆங்கிலம் செல்லாது.

காலை வணக்கம், ‘போரே டா’. எண்பது வயதுப் பெரியவரை ‘டா’ போடுவதா என்று கூசத்தான் செய்தது. ‘டா’ என்றால் ‘நல்ல’ என்று அர்த்தம், அவ்வளவுதான். மரியாதைக்குத் தனிச் சொல் இருக்கிறது: நமக்கு நீ, நீங்கள் போல அவர்களுக்கு ‘டீ’, ‘ஹீ’. பெரியவர்களிடம் ‘ஹீ’தான். நன்றி, ‘டியோல்ஹ்’, கடைசி ஒலியைத் தொண்டையில் உரச வேண்டும். ஒரு கப் டீ வடக்கே ‘பானட்’, தெற்கே ‘டிஷ்க்ளெட்’.

இங்கிலாந்துக்காரர்கள் திணறுவது ‘யெஸ்’ சொல்வதில். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ‘ஆமாம்’ வெல்ஷில் இல்லை. ‘உங்களுக்கு வலி இருக்கா?’ என்பதற்கு ‘ஓய்ஸ் கன்னொஹ் ஹீ பொய்ன்?’ என்று கேட்பேன். ‘ஓய்ஸ்’ என்றால் இருக்கு. ‘நாக் ஓய்ஸ்’ என்றால் இல்லை. ‘தூங்கினீர்களா?’ என்றால் விடையே வேறு: தூங்கியிருந்தால் ‘டோ’, இல்லையென்றால் ‘நாதோ’. ‘இருக்கா?’ என்றால் ‘இருக்கு’ என்றே பதில் சொல்லிப் பழகிய நமக்கு இதில் பாதி சிரமம்தான்.

என்னைப் படுத்தியது, இடத்துக்கு இடம் மாறும் முதலெழுத்து. ஊர்ப்பெயர்கூட ஓரிடத்தில் நிற்காது. பாங்கோருக்கு என்றால் ‘இ வாங்கோர்’, பாங்கோரில் என்றால் ‘அம் மாங்கோர்’. காதில் விழுந்த சொல்லை அப்படியே அகராதியில் தேடினால் அகப்படாது. இதற்கு விதிகள் உண்டு. ஆனால் முதலிலேயே அவற்றைப் பாடம் பண்ணாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள்.

2011 சட்டப்படி வெல்ஷ் இங்கே ஆட்சிமொழி. அதைப் பேசும் ஊழியர்கள் ஆரஞ்சு நிற பேட்ஜ் அணிகிறார்கள். கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும் பேட்ஜ் உண்டு. வேலையிடத்துக்கான இலவச வகுப்புகளும் நடக்கின்றன. இங்கே நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் வானிலை பற்றிய வாக்கியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலி பற்றிய கேள்வியையும் அதன் இரண்டு விடைகளையும் முதலில் படியுங்கள்.