உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய்க் கம்பெனி கேட்டு வந்த சட்டம்

அமெரிக்காவில் மூலைக்கடை முதல் மென்பொருள் நிறுவனம் வரை பெயருக்குப் பின்னால் ‘எல்.எல்.சி.’ (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) என்று போட்டுக்கொள்கிறார்கள். 1977-க்கு முன் அங்கே எந்த மாநிலத்திலும் இதற்குச் சட்டம் கிடையாது! ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனத்தின் முயற்சியால், மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங் மாநிலம் முதலில் இயற்றியது.

அதுவரை தொழில் தொடங்குபவருக்குப் பெரிய சங்கடம் இருந்தது. கார்ப்பரேஷனாகப் பதிவு செய்தால், தொழில் நொடித்தாலும் கடன்காரர் பங்குதாரரின் வீட்டில் கை வைக்க முடியாது. ஆனால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி. நிறுவனம் முதலில் கட்டும் (மத்திய அரசுக்கு மட்டும் இப்போது 21 சதவீதம்). மீதியை டிவிடெண்டாகப் பிரித்தால், வாங்கியவரும் கட்ட வேண்டும். சாதாரணக் கூட்டுத்தொழிலில் ஒரு முறைதான் வரி. கடனோ சொந்தச் சொத்து வரை துரத்தும்.

எல்.எல்.சி. இரண்டிலும் உள்ள நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டது. இயக்குநர் குழுவும் கட்டாயமில்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப்படி நிர்வாகம் நடக்கும். 1988-இல் வரித்துறை இந்த ஒற்றை வரி முறையை ஏற்ற பிறகுதான் மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

பங்குச் சந்தைக்குப் போய் முதல் திரட்ட நினைப்பவர்களுக்கு இன்றும் கார்ப்பரேஷனே தோது.

அங்கே தொழில் தொடங்கும் நம்மவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டால், எல்.எல்.சி., கார்ப்பரேஷன் இரண்டுமே அந்தக் கடனிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.