எடையும் இடமும்

வகுப்பறையில் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டாக ஒடித்து, "இப்பொழுது இத்துண்டின் அடர்த்தி என்ன ஆயிற்று?" என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கமாக இருந்தது. "பாதியாகிவிட்டது, ஐயா" என்று பலர் கூறுவர். பொருண்மையைப் பருமனால் வகுக்கக் கிடைப்பது அடர்த்தி என்று அதற்குச் சற்றுமுன் பிழையின்றி ஒப்பித்தவர்களும் அவர்களுள் இருப்பர். வாய்பாடு நாவில் இருந்தது. கருத்து மனத்தில் ஏறவில்லை. அக்குறைக்கு மாணவர்களைக் காட்டிலும் ஆசிரியர்களாகிய நாங்களே பொறுப்பாளிகள் என்பேன்.

பொருண்மை என்பது ஒரு பொருளில் அடங்கியிருக்கும் பருப்பொருளின் அளவு. தராசின் ஒரு தட்டிற் பொருளையும் மறு தட்டில் எடைக்கற்களையும் இட்டு அதனை அறிகிறோம். இக்காலப் பாடநூல்கள் அதனை நிறை என்று குறிக்கின்றன. உலக வழக்கில் எடை என்றே சொல்லிவிடுகிறோம். நுணுகி நோக்கின் எடை வேறு, பொருண்மை வேறு. எனினும் இன்றைய பேச்சிற்கு அவ்வேற்றுமை இடையூறு செய்யாது. பருமன் என்பது அப்பொருள் அடைத்துக்கொள்ளும் இடம்.

ஒரு கருங்கல் துண்டை நிறுத்துப் பாருங்கள். 270 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அளவு ஜாடி ஒன்றில் 200 கன சென்டிமீட்டர் நீர் ஊற்றி, கல்லை நூலிற் கட்டி மெல்ல அதனுள் இறக்குங்கள். நீர்மட்டம் 300 ஆக உயர்கிறது. எனவே கல்லின் பருமன் 100 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 2.7 கிராம் வீதம் அதில் பொருள் அடங்கியுள்ளது. அதுவே அதன் அடர்த்தி. கல்லைச் சரிபாதியாக உடைத்தால் 135 கிராம் ஆகும். பருமனும் 50 ஆகக் குறையும். வகுத்துப் பார்த்தால் மீண்டும் 2.7 தான்! இரண்டும் ஒருங்கே குறைந்தமையால் அவற்றின் விகிதம் மாறவில்லை. இதனைத் தன் கையாற் செய்து பார்த்த மாணவன் சுண்ணக்கட்டிக் கேள்விக்குப் பிறகு தவறாக விடை கூறியதை நான் கண்டதில்லை.

இனி, கல்லை விட்டு அடுக்களைக்குச் செல்வோம். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் என்பதும் ஒரு கிலோகிராம் என்பதும் ஒன்றென்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். நீருக்கு அக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். எண்ணெயின் அடர்த்தியோ நீரினும் குறைவு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராமே நிற்கும். கிலோவிற்குரிய விலையைக் கொடுத்து லிட்டர் அளவில் வாங்கி வருபவர், சுமார் 90 கிராம் எண்ணெயைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சூடேறினால் எண்ணெய் விரியும். பொருண்மை அப்படியே இருக்க, பருமன் மட்டும் பெருகும். ஆகவே அடர்த்தி குறையும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகை செல்சியசில் 919.1 கிராமும், 30 பாகையில் 913 கிராமும், 60 பாகையில் 892.6 கிராமும் நிற்கும். உறையின்மீது ஒரு லிட்டர் என்று அச்சிட்டு, 60 பாகையில் அளந்தது என்று அருகே சிறிய எழுத்திற் போட்டுவிட்டால், உள்ளே 892.6 கிராம் இருந்தாலும் சொல்லிற் பிழையில்லை. ஆயின் 60 பாகை வெப்பத்தில் எவர் வீட்டு அலமாரி இருக்கிறது? நம் வீட்டில் 30 பாகையில் அளந்தால் ஏறத்தாழ 22 மில்லிலிட்டர் குறையும். இதுகுறித்தே இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் பருமனையும் அதனுடன் சரியான எடையையும் அச்சிட வேண்டுமென எண்ணெய் தயாரிப்பாளர்களைப் பணித்தது.

வெப்பம் இழைக்கும் இவ்வஞ்சனைக்கு நானும் ஒருமுறை ஆளானேன். மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பும் என்னிடம் இருந்த காலம் அது. முதியவர் ஒருவர் நாள்தோறும் விடுதிக்குப் பால் கொண்டுவருவார். பால் நீர்த்திருக்கிறது என்று பிள்ளைகள் சிலர் முறையிடவே, ஒருநாள் காலை பால்மானியைக் கையில் எடுத்துக்கொண்டு வாயிலில் நின்றேன்.

பால்மானி என்பது பாலில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழல். அடர்த்தி மிக்க பாலில் அது உயர்ந்து மிதக்கும். அடர்த்தி குறைந்த பாலில் ஆழ்ந்து நிற்கும். நல்ல பசும்பால் லிட்டருக்குச் சுமார் 1030 கிராம் நிற்குமாதலின், குழலின் அளவுகோல் 30ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அன்று அது 24 காட்டியது. "தண்ணீர் கலந்திருக்கிறீர்கள், பெரியவரே" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே கூறிவிட்டேன். அவர் முகம் வாடியது. "கறந்த சூடு ஆறுமுன் கொண்டுவந்தேனுங்க, ஐயா. அதுகூடக் குற்றமா?" என்றார்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் அருகில் நின்றிருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் பாற்செம்பை எடுத்துச் சென்று தண்ணீர்த் தொட்டியில் வைத்தார். அரை மணி நேரம் கழித்துப் பால்மானியை மீண்டும் அதில் இட்டார். 28 காட்டியது. பால்மானி எந்த வெப்பநிலைக்கு உரியது என்பது குழலின்மீதே எழுதப்பட்டிருந்தது; நான் அதனைப் படிக்கவில்லை. மடியிலிருந்து அப்போதே வந்த பாலின் வெப்பம் பருமனை விரித்து, அடர்த்தியைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. அந்த முதியவர் தம் நேர்மைக்குச் சான்றாகச் சொன்ன அந்தச் சூடே அவர்மீது பழியைச் சுமத்தியது. மறுநாள் அதே பிள்ளைகள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அளவு பார்க்கிறது நல்லதுதானுங்க, ஆறவிட்டுப் பாருங்க" என்று கூறிப் போனார்.

குற்றமற்றவரைக் குற்றவாளியாகக் காட்டும் அக்கருவி, குற்றவாளியைத் தப்பவிடவும் கூடும். இதனை வானொலியிற் கூறலாமா என்று சற்றுத் தயங்கினேன். செய்பவர்கள் முன்பே அறிவார்கள். வாங்குபவர்களே அறியமாட்டார்கள் என்பதனாற் கூறுகிறேன். பாலில் உள்ள கொழுப்பு நீரினும் அடர்த்தி குறைந்தது. அதனை எடுத்துவிட்டால் எஞ்சிய பாலின் அடர்த்தி உயர்ந்து, லிட்டருக்குச் சுமார் 1035 கிராம் ஆகும். அத்தகைய பால் 6 லிட்டரில் 1 லிட்டர் நீர் சேர்த்தால் என்ன ஆகும்? மொத்தம் 7 லிட்டர், 7210 கிராம். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 1030 கிராம்! நல்ல பாலின் அடர்த்தியே வந்துவிட்டது. கொழுப்பு ஒருபுறம் போயிற்று, நீர் மறுபுறம் வந்தது. பால்மானி இரண்டையும் அறியவில்லை. ஒரே அடர்த்தியுடையவை எல்லாம் ஒரே பொருள் அல்ல என்பதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆதலின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களிற் பால்மானியோடு நின்றுவிடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு என்பதனைத் தனியே சோதிக்கின்றனர். அதனையும் பால்மானியின் அளவையும் கொண்டு, கொழுப்பல்லாத பிற திடப்பொருள்கள் எவ்வளவு எனக் கணக்கிட்டு, இரண்டையும் நோக்கி விலை கொடுக்கின்றனர். ஆடையெடுத்து நீர் கலந்த பால் பால்மானியில் தேறிவிடினும், அங்கே கொழுப்புச் சோதனையில் அகப்பட்டுவிடும்.