சப்வூஃபருக்கு வலை எதற்கு?

புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கியவர்களில் சிலர் முதல் வாரத்திலேயே சப்வூஃபரின் வலையைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். வலை இருந்தால் பேஸ் அமுங்கிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அமுங்காது. சப்வூஃபருக்கு வேலையே சுமார் 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். வீட்டுக் கூடத்துக்குள் முழுசாக அடங்குவதே கஷ்டம். அதற்கு மெல்லிய துணியும் ஓட்டைத் தகடும் எம்மாத்திரம்? கீச்சுக் குரல்களைப் பாடும் ட்வீட்டரின் கதை வேறு. 10,000 ஹெர்ட்ஸ் அலை சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான். வலைச் சட்டத்தின் விளிம்பில் பட்டாலே சிதறும். அங்கே செய்ய வேண்டியதை இங்கே செய்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அதற்காக வலை பரம சாது என்று சொல்ல மாட்டேன். அது சத்தத்தைத் தின்னாது, ஆனால் கூடவே பாடும். கோன் அடிக்கிற அடியில் பெட்டியே குலுங்க, சரியாக உட்காராத தகடு 'ஜிர்ர்' என்று அதிரும். ஆழ்ந்த பேஸுக்கு நம் காது மந்தம். இந்த ஜிர்ருக்கோ படு கூர்மை. அதனால் துளி அதிர்வும் பாட்டைக் கெடுத்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, குறைந்த வால்யூமில் 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். ஜிர்ர் கேட்ட இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையால் வலையை அழுத்துங்கள். அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது. சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஃபோம் டேப் ஒட்டினால் போதும். அடங்கவில்லையா? ஷெல்ஃபில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களைப் பாருங்கள்.

காரில் இன்னொரு தொல்லை. பெரிய வூஃபரின் கோன் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வெளியே வந்து போகும். தட்டையான வலையை மாட்டினால், வால்யூம் ஏறும்போது ரப்பர் விளிம்பு அதில் 'டப் டப்' என்று மோதும். அதற்குப் புடைத்த வலை வாங்க வேண்டும். கழற்றி எறியக் கூடாது. டிக்கியில் ஜாக்கி உருள்கிறது, பக்கத்தில் ஸ்டெப்னி வேறு. ஒரு சடன் பிரேக்குக்குக் காகிதக் கோன் தாங்காது.