சாணியில் காகிதம்: கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு



"சாணியில பேப்பர் செய்யலாமாமே, நம்ம குழுவும் செய்யலாமா?" என்ற கேள்வி பல குழுக் கூட்டங்களில் வருகிறது. டிவியில் பார்த்தவர்கள் கேட்கிறார்கள், போனில் வீடியோ பார்த்தவர்களும் கேட்கிறார்கள். மாடு வீட்டிலேயே நிற்கிறது, சாணிக்குக் காசு கொடுக்க வேண்டாம், அப்புறம் என்ன யோசனை என்று தோன்றுவது இயல்புதான்.

செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் சாணி சும்மா கிடைக்கிறது என்பதால் காகிதமும் சும்மா வந்துவிடாது. குழுவின் சேமிப்பை இதில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

சாணி எப்படிக் காகிதம் ஆகிறது?

காகிதம் என்பது நார்தான். மரம், வைக்கோல், பருத்தி எல்லாவற்றிலும் நார் இருக்கிறது. அதை வேகவைத்துக் கூழாக்கி, தண்ணீரில் கலக்கி, சல்லடையில் அள்ளிக் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளாகிவிடும். புல்லும் வைக்கோலும் தின்கிற மிருகத்தின் சாணியில் செரிக்காத நார் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் நாம் எடுக்கிறோம்.

இதில் யானைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. யானை அசைபோடாது. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். அதனால் யானைச் சாணத்தில் நீளமான நார் நிறைய இருக்கும். மாடு அசைபோடும், அதன் வயிற்றில் நான்கு அறைகள். நாரை நன்றாக அரைத்துச் செரித்துவிடும். மாட்டுச் சாணியில் மிஞ்சுவது குட்டை நார். அதை மட்டும் வைத்துத் தாள் செய்தால் மடித்தவுடன் உடைந்துபோகும். பருத்தித் துணிக் கழிவோ பழைய காகிதமோ கட்டாயம் சேர்க்க வேண்டும். திருப்பூர் பக்கம் உள்ளவர்களுக்கு பனியன் வெட்டுத் துணி இதற்கு ஏற்றது. பஞ்சு கலந்த பாலியஸ்டர் துணி கூழாகாது. அதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

யார் செய்கிறார்கள்?

இலங்கையில் கேகாலைப் பகுதியில் மாக்சிமஸ் என்ற நிறுவனம் 1997 முதல் யானைச் சாணத்தில் காகிதம் செய்து வந்தது. பின்னவலை யானைகள் சரணாலயம் அருகில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே ஆமேர் கோட்டையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் யானைகளின் சாணத்தைக் கொண்டு 2003ல் 'ஹாத்தி சாப்' என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள்.

மாட்டுச் சாணிக்கும் முன்மாதிரி உண்டு. ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம் 2018ல் மாட்டுச் சாணியும் துணிக் கழிவும் கலந்த காகிதத்தை வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஜே.சி. குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892ல் பிறந்தவர். காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இலங்கையிலும் ஆமேரிலும் யானை இருந்தது மட்டும் பலமல்ல. யானையைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு விற்றதும் வெறும் தாள் அல்ல. நோட்டு, வாழ்த்து அட்டை, பை, பரிசுப் பொருள் என்று செய்து விற்றார்கள். நம்ம ஊர் சந்தையில் யார் வாங்குவாங்க என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

(யானைச் சாணம் எடுக்கலாம் என்று யாரும் காட்டுக்குள் போக வேண்டாம். உயிருக்கும் ஆபத்து, வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றமும் ஆகும்.)

கடன் வாங்காமல் ஒரு சோதனை

இயந்திரம் எதுவும் இல்லாமல் முதலில் செய்து பாருங்கள்.

1. வைக்கோல் தின்கிற மாட்டின் சாணி 2 கிலோ எடுங்கள். பச்சைப்புல்லும் தவிடும் மட்டும் தின்கிற மாட்டின் சாணியில் நார் குறைவு.

2. பக்கெட்டில் ஊறவைத்து, கொசுவலையில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வலையில் மிஞ்சுவதுதான் நார். 2 கிலோ சாணிக்கு எவ்வளவு கொஞ்சமாக நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். அலசிய தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாம், நல்ல உரம்.

3. பழைய பாத்திரத்தில் நாரைப் போட்டு, ஒரு கைப்பிடி சலவைச் சோடா சேர்த்து, 4 மணி நேரம் கொதிக்க வையுங்கள். கிருமியும் நாற்றமும் போகும், நார் மெத்தென்று ஆகும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. சோடாத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ செடிக்கோ ஊற்ற வேண்டாம்.

4. நன்றாக அலசி, ஊறவைத்துக் கிழித்த பழைய நோட்டுத் தாளை நாரைவிட இரண்டு மடங்கு சேர்த்து, பழைய மிக்சியில் கூழாக்குங்கள்.

5. அகலமான தொட்டித் தண்ணீரில் கூழைக் கலக்கி, கொசுவலை அடித்த மரச்சட்டத்தால் மெல்ல அள்ளுங்கள். நீர் வடிந்ததும் பருத்தித் துணிமேல் கவிழ்த்து, மேலே துணி போட்டு, பலகையும் கல்லும் வைத்து அழுத்துங்கள். பிறகு நிழலில் காயவையுங்கள்.

கையில் புண் இருப்பவர்கள் சாணி அலச வேண்டாம். மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: அலசுகிற வேலையை எப்போதும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். முறை வைத்து எல்லாரும் செய்யுங்கள்.

ஒரு தாள் என்ன விலை ஆகும்?

கணக்கு புரிய ஓர் உதாரணம். 5 பேர் ஒரு நாள் வேலை செய்து 200 பெரிய தாள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 ரூபாய் கூலி என்றால் 1500 ரூபாய். விறகு, சோடா, துணிக்கழிவு, வண்டி வாடகை எல்லாம் 300 ரூபாய். மொத்தம் 1800. கிழிந்தது, சுருங்கியது என்று 20 தாள் கழிந்தால் 180 நல்ல தாள். ஒரு தாளின் அடக்க விலை 10 ரூபாய்.

கூழ் அரைக்கும் இயந்திரம், அழுத்தும் இயந்திரம் இவற்றின் கடன் தவணையும் வட்டியும் இதில் இன்னும் சேரவில்லை. மழைக்காலத்தில் காயவைக்க முடியாத நாட்களும் சேரவில்லை. "நம்ம வீட்டு வேலைதானே, கூலி எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். உங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதாத தொழில் லாபம் காட்டும். கையில் காசு நிற்காது. சாணிக்கும் விலை உண்டு. எருவுக்கும் வறட்டிக்கும் சாண எரிவாயுவுக்கும் போகிற சாணியைத்தான் இதற்குத் திருப்புகிறோம்.

மில் தாளோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. ஆனால் அந்த 10 ரூபாய்த் தாளை வெட்டி 6 வாழ்த்து அட்டை செய்தால் கதை வேறு. ஒரு அட்டையின் தாள் செலவு 2 ரூபாய்க்கும் குறைவு. லாபம் மடிப்பதிலும் தைப்பதிலும் ஒட்டுவதிலும்தான் இருக்கிறது. தையல் தெரிந்தவர்கள், கோலம் நன்றாகப் போடுகிறவர்கள் நம் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, பள்ளி ஆண்டு விழாச் சான்றிதழ், சுற்றுலா ஊர்களில் உள்ள கடைகளுக்கு நோட்டு என்று யோசியுங்கள். கோவில் விசேஷத்துக்கு வாங்குபவர்களிடம் பசுஞ்சாணி என்று சொல்வதே ஒரு மதிப்பு.

எந்த வரிசையில் போகலாம்?

முதலில் சோதனைத் தாள். பிறகு அதில் 10 மாதிரிப் பொருள் செய்து, குறைந்தது 5 கடை அல்லது அச்சகத்தில் நேரில் காட்டுங்கள். "நல்லா இருக்கு" என்ற பாராட்டு ஆர்டர் ஆகாது. எத்தனை, என்ன விலைக்கு, எப்போது, முன்பணம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஆர்டர் வந்தால் முதல் முறை கைவேலையாகவே செய்து கொடுங்கள். இரண்டாம் ஆர்டரும் அதே ஆளிடமிருந்து வந்தால் அப்போது பயிற்சிக்கும் கடனுக்கும் போகலாம். மாவட்டத் தொழில் மையத்திலும் காதி கிராமத் தொழில் அலுவலகத்திலும் அப்போதுள்ள மானியத் திட்டத்தைக் கேளுங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இயந்திரம் வாங்காதீர்கள். மானியம் ஒரு தடவைதான், தவணை மாதாமாதம்.

ஒரு குழு மட்டும் தனியாகச் செய்வதைவிட, பக்கத்து இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்தால் பாரம் குறையும். ஒரு குழு கூழும் தாளும், மற்றக் குழுக்கள் பையும் அட்டையும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு மூன்று கேள்விக்குப் பதில் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: நம்மிடம் வாங்கப் போவது யார்? ஒரு பொருளுக்கு நம் அடக்க விலை எவ்வளவு? மூணு மாசம் விற்காவிட்டால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமாக இறங்குங்கள், கூட்டமைப்பு உங்களோடு நிற்கும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். சாணி எங்கேயும் போய்விடாது.