ஜிப்சிக்கு டீசல் என்ஜின்: இழுவை கூடும், கணக்கு உதைக்கும்

மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் அதை லேசில் விற்பதில்லை. 1985 இறுதியில் வந்த வண்டி அது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்ற பிறகும் மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சொல்லப்படும் பெரிய குறை, பெட்ரோலைக் குடிக்கிறது என்பது. அடுத்தது, ஏற்றத்தில் நன்றாக மிதித்தால்தான் இழுக்கிறது என்பது. இந்தக் குறைகளோடு பட்டறைக்குப் போனால், விபத்தில் சிக்கிய ஸ்விஃப்ட்டின் டீசல் என்ஜினை வாங்கி வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இருக்கும்வரை என்ஜினுக்குப் பஞ்சமில்லை. செய்யலாமா?

முதலில் எரிபொருள் கணக்கு. ஜிப்சி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது, டீசலுக்கு மாற்றினால் 14 தரும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு ஒரு லட்சம் ரூபாயும் டீசலுக்கு ஏறத்தாழ 66,000 ரூபாயும் ஆகும். மிச்சம் 34,000. மாற்றும் வேலை எல்லாம் சேர்த்து 3 லட்சத்தில் முடிந்தால், போட்ட பணம் திரும்ப ஒன்பது ஆண்டுகள் ஆகும். வார இறுதியில் மட்டும் ஓட்டி, ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் போகிறவருக்கு முப்பது ஆண்டுகள். 2012இல் இரண்டு எரிபொருளுக்கும் விலை வித்தியாசம் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் இருந்தது. அப்போது இந்த யோசனையில் நியாயம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. அந்த வித்தியாசமும் சுருங்கிவிட்டது.

பணத்துக்காக இல்லை, இழுவைக்காகத்தான் என்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. பிந்தைய ஜிப்சியின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 4,500 சுழற்சியில்தான் தன் உச்ச முறுக்குவிசையான 103 நியூட்டன் மீட்டரைத் தொடுகிறது. அதே 1.3 லிட்டர் அளவுள்ள ஸ்விஃப்ட் டீசல் என்ஜின் 2,000 சுழற்சியிலேயே 190 தருகிறது. பாறைமேல் ஊர்ந்து ஏறும்போதும் சேற்றிலிருந்து மெல்ல விடுபடும்போதும் இந்த வேறுபாடு காலடியிலேயே தெரியும். டர்போ இருப்பதால், காற்று மெலிந்த உயரங்களிலும் டீசல் அதிகம் தளராது.

சிக்கல், அந்த என்ஜினை ஜிப்சிக்குள் உட்கார வைப்பதில் தொடங்குகிறது. ஸ்விஃப்ட்டில் அது குறுக்காக இருக்கிறது. ஜிப்சியில் நெடுக்காக உட்கார வேண்டும். ஜிப்சி கியர்பாக்ஸோடு அதைப் பொருத்த, லேத்தில் தனியாக இணைப்புத் தகடு கடைய வேண்டும். அது மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் அடிக்கடி போகும். என்ஜின் மவுண்டுகளைப் புதிய இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். எரிபொருள் டேங்கில் பெட்ரோல் மிச்சமிருந்தால் டீசல் பம்ப் பாழாகும் என்பதால் டேங்க், குழாய் எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும் டீசல் திரும்பி வரும் குழாயும் போட வேண்டும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் ஜிப்சியின் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் போதுமான அளவு கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். இதை ஒழுங்காக இணைக்காமல் இறக்கத்தில் வண்டியை விடுவது உயிரோடு விளையாடுவது. கூடவே பெரிய ரேடியேட்டர், பெரிய பேட்டரி, ஸ்விஃப்ட்டின் கணினிப் பெட்டி, அதன் வயரிங் முழுவதும். நடுக்காட்டில் அந்த வயரிங்கில் கோளாறு வந்தால், ஊர் மெக்கானிக்கிடம் அதற்கான வரைபடம் இருக்காது.

இன்னொரு இழப்பு எடை. மென்கூரை ஜிப்சி ஒரு டன்னுக்கும் குறைவு. அதன் பெட்ரோல் என்ஜின் அலுமினியத்தில் வார்த்தது. மணலில் புதையாமல் கடப்பதும், ராணுவம் பல ஆண்டுகள் அதை விடாமல் வாங்கியதும் இந்த லேசான உடம்பால்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இரும்பு வார்ப்பு டீசல் என்ஜினை முன்னால் ஏற்றினால் முன் லீஃப் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்டியரிங் கனக்கும், இறக்கத்தில் மூக்கு தாழும். ஜிப்சியை ஜிப்சியாக்கிய குணமே அதோடு போய்விடும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இழுவை வேண்டும் என்றால் என்ஜினைத் தொடாமலே வழியுண்டு. ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் விகிதம் 2.268. இந்தக் குடும்பத்து சுஸூகிகளுக்கு 4.16 விகிதத்தில் மாற்றுப் பல்சக்கரங்கள் வெளிநாடுகளில் நெடுநாளாகக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் விசை சுமார் 1.8 மடங்காகும். 103ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த டீசலின் 190 வந்துவிடும். வேகம் குறையும், உண்மைதான். ஆனால் பாறைமேல் யாரும் வேகமாகப் போகப்போவதில்லை. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எரிபொருளும் என்ஜின் எண்ணும் அப்படியே இருக்கும்.

அந்த ஆர்.சி.தான் எல்லாவற்றிலும் கனமான விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் வழியாக சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற இடமுண்டு. ஸ்விஃப்ட் என்ஜினைப் பட்டறையில் மாட்டுவது அந்த வகையில் வராது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். மாற்றிய வண்டி யார்மீதாவது மோதி, காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டால் அந்த இழப்பீட்டை எதை விற்றுக் கட்டுவது? டெல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்று ஆயுள் வரம்பு விதிக்கப்பட்டது.

பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளின் கதை வேறு. போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு டீசல் சரியாகவே பொருந்தியது. கனமான இரும்பு என்ஜினைத் தாங்கும் சேஸி அது. மஹிந்திராவே பின்னாளில் பெஜோ டீசல் என்ஜினோடு ஜீப்புகளை விற்றதால் கியர்பாக்ஸ் முதல் மவுண்ட் வரை எல்லாம் அந்தக் குடும்பத்திலேயே கிடைத்தன. தினமும் ஓடிய வண்டி என்பதால் போட்ட பணமும் சீக்கிரம் திரும்பியது. 2000இல் சட்டம் இறுகுவதற்கு முன், அனுமதி பெற்று டீசல் என ஆர்.சி.யிலேயே ஏற்றவும் வழி இருந்தது.

ஆகவே பழைய சந்தையில் டீசல் போட்ட ஜீப்போ ஜிப்சியோ விலைக்கு வந்தால், ஓட்டிப் பார்க்கும் முன் பானெட்டைத் திறந்து என்ஜின் பிளாக்கில் குத்திய எண்ணை ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை அடுத்தடுத்து மிதியுங்கள். பெடல் கல்லாக இறுகினால் வேக்குவம் பம்ப் சரியில்லை. எண் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.