ஸ்டாம்பு குறைந்தால் யாருக்கு நட்டம்?

கடிதம் எழுதியாயிற்று. கவரில் போட்டு ஒட்டியாயிற்று. முகவரியும் எழுதியாயிற்று. இனி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். எத்தனை ரூபாய்க்கு ஒட்டுவது? இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள்.

ஸ்டாம்பு என்பது கடிதத்தின் டிக்கெட்

பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்குகிறோம். கடிதத்துக்கு ஸ்டாம்புதான் டிக்கெட். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் தூரம் கூடினால் கட்டணம் கூடும். கடிதத்துக்குத் தூரம் கணக்கில்லை. எடைதான் கணக்கு. பக்கத்து ஊருக்கும் காஷ்மீருக்கும் ஒரே கட்டணம். இந்த முறை நம் நாட்டில் 1854-ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் தூரத்துக்கு ஏற்ப வசூலித்தார்கள்.

கார்டு 50 காசு. இன்லண்ட் கடிதம் 2 ரூபாய் 50 காசு. இவற்றில் ஸ்டாம்பு அச்சாகியே இருக்கும். கவருக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னும் 5 ரூபாய். 20 கிராமைக் கொஞ்சம் தாண்டினாலும் அடுத்த 5 ரூபாய் ஒட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

பீகாரில் ஒரு கிராமம். மகன் சூரத்தில் துணி மில்லில் வேலை செய்கிறார். அவருக்குப் பள்ளிச் சான்றிதழின் நகல்கள் தேவை. தாய் அவற்றைக் கவரில் வைத்து அனுப்புகிறார். 5 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டுகிறார். கவரின் எடையோ 28 கிராம்.

ஒட்ட வேண்டியது 10 ரூபாய். ஒட்டியது 5 ரூபாய். குறைவது 5 ரூபாய். குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பதே தபால் துறையின் நெடுநாள் வழக்கம். ஆக, மகன் 10 ரூபாய் கொடுத்தால்தான் கடிதம் கைக்கு வரும்.

தபால்காரர் பகலில் வருவார். மகனோ மில்லில் இருப்பார். பணம் கொடுக்க ஆள் இல்லை. கடிதம் தபால் ஆபீசுக்கே திரும்பும். கடைசியில் யாரும் வாங்காவிட்டால், அனுப்பியவரிடமே திரும்பி வரும். அப்போது தாய்தான் பணம் கட்ட வேண்டும். இதற்குள் பல நாள் ஓடிவிடும். சான்றிதழ் கேட்ட இடத்தில் கெடு முடிந்துவிடும். பணம் போனால் சம்பாதிக்கலாம். போன நாள் திரும்பாது.

அனுப்பியவர் முகவரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அத்தகைய கடிதங்களுக்கென்று தனி அலுவலகம் உண்டு. அங்கே கடிதத்தைப் பிரித்து, உள்ளே முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு பழைய நம்பிக்கை

வட இந்தியாவில் இதைப் ‘பைரங்’ கடிதம் என்பார்கள். அந்தக் காலத்தில் சிலர் வேண்டுமென்றே ஸ்டாம்பு ஒட்டாமல் போடுவார்கள். பணம் வசூலிக்க வேண்டுமே, தபால்காரர் கட்டாயம் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று நம்பினார்கள். இது சரியான வழி அல்ல. செலவு நம் அன்புக்குரியவர் தலையில் அல்லவா விழுகிறது? வேலைக்கு மனுப் போடும்போது இன்னும் மோசம். பல அலுவலகங்கள் பணம் கொடுத்து இத்தகைய கடிதத்தை வாங்குவதில்லை. தகுதி இருந்தும் மனு போய்ச் சேராது.

என்ன செய்ய வேண்டும்?

1. நாம் எழுதும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்று சுமார் 5 கிராம். கவருக்கும் எடை உண்டு. ஆகவே நாலு தாள் வைத்தாலே 20 கிராம் தாண்டிவிடும்.

2. சந்தேகம் இருந்தால் தபால் ஆபீசில் கொடுத்து எடை போடச் சொல்லுங்கள். கட்டணம் மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

3. இன்லண்ட் கடிதத்துக்குள் போட்டோ, ரூபாய், வேறு தாள் எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் கவர் கட்டணம் கேட்பார்கள்.

4. ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்பு தபாலுக்குச் செல்லாது.

5. முத்திரை விழுந்த ஸ்டாம்பைப் பிய்த்து மறுபடி ஒட்டுவது குற்றம்.

6. அனுப்புநர் முகவரியை மறக்காமல் எழுதுங்கள்.

7. முக்கியமான கடிதத்தைப் பெட்டியில் போடாமல் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீது வாங்குங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

உங்கள் வீட்டுக்கு ஸ்டாம்பு குறைந்த கடிதம் வந்தால், பிரிக்கும் முன் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம். பிரித்தால் பணம் கட்டியே ஆக வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு கவரின் எடை 45 கிராம். அதில் 10 ரூபாய்க்கு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது. இன்னும் எவ்வளவு ஒட்ட வேண்டும்? ஒட்டாமல் போட்டால், பெறுபவர் எவ்வளவு கொடுக்க வேண்டும்?