இருதயத் தளர்ச்சியும் வீட்டுக் கவனிப்பும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையோரத்தில் அமைந்துள்ள ஊர் அத்திபெலே. ஆனேகல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் தொழிற்சாலைகள் மிகுதி. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் இங்கே அன்றாடம் வழங்குகின்றன. இதே சாலையில், பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது பொம்மசந்திரா. டாக்டர் தேவி ஷெட்டி 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நாராயண இருதயாலயா என்ற பெரிய இருதய மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. ஆகவே, தேர்ந்த சிகிச்சை எட்டாத் தொலைவில் இருக்கிறது என்று அத்திபெலேவாசிகள் குறைப்பட்டுக்கொள்வதற்கில்லை. ஆயினும் இருதயத் தளர்ச்சி என்னும் நோயில், மருத்துவமனை அருகில் இருப்பது மட்டும் நோயாளியைக் காப்பாற்றிவிடுவதில்லை. அங்கிருந்து வீடு திரும்பியபின் சமையலறையிலும் படுக்கையிலும் நடப்பவையே பெரும்பாலும் அவருடைய கதியை நிர்ணயிக்கின்றன. கிராமங்களுக்குச் செல்லும் சுகாதார ஊழியரும் ஊர் மக்களின் மதிப்பைப் பெற்ற ஆசிரியரும் உதவக்கூடிய இடமும் இதுவே.

இந்நோயை மருத்துவ ஏடுகள் 'இதயச் செயலிழப்பு' என்றும் குறிப்பிடுகின்றன. அச்சொல் பொருத்தமானதன்று எனலாம். அதைக் கேட்ட நோயாளி, தம் இருதயம் நின்றுவிட்டது என்றோ, நிற்கப்போகிறது என்றோ எண்ணிக் கலங்குகிறார். உண்மையில் இருதயம் நிற்கவில்லை. உடலின் தேவைக்கு ஏற்ற அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல்தான் அதற்குக் குறைந்துவிட்டது. மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி பழுதுறுதல், நெடுநாள் கவனிக்கப்படாத இரத்தக் கொதிப்பு, சிறு வயதில் வந்த கீல்வாதக் காய்ச்சலினால் வால்வுகள் கெடுதல் முதலியன இதற்குக் காரணங்களாகும். திருவனந்தபுரத்தில் 2013ஆம் ஆண்டில் 18 மருத்துவமனைகளில் இந்நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பற்றிய பதிவேட்டில், நூற்றுக்குச் சுமார் 72 பேருக்கு இருதய இரத்தக்குழாய் அடைப்பே மூலகாரணமாகக் காணப்பட்டது. அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் ஓராண்டுக்குள் உயிரிழந்தனர். வீட்டுக் கவனிப்பைச் சில்லறை விஷயமாகக் கருதுவோர் இவ்வெண்ணிக்கையை நினைவில் கொள்வது நல்லது.

இருதயம் தளரும்போது சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டது என்பதற்கான அறிகுறியாகவே சிறுநீரகங்கள் இதனைக் கொள்கின்றன. அதனால் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேமிக்கத் தொடங்குகின்றன. வயலில் வேலை செய்து வியர்த்தவனுக்கு உயிர் காக்கும் இந்த ஏற்பாடு, இருதயத் தளர்ச்சி உள்ளவருக்குக் கேடாக முடிகிறது. சேர்ந்த நீர் முதலில் கால்களிலும் வயிற்றிலும் தேங்கலாம். நுரையீரலில் தேங்கும்போது மூச்சு முட்டுகிறது.

உப்புக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை விளக்க, ஆஸ்பத்திரியில் எல்லாரும் பார்த்திருக்கும் சலைன் பாட்டிலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. ஒரு லிட்டர் சலைனில் இருப்பது 9 கிராம் உப்பு. உடலின் திரவங்களில் உள்ள உப்பின் செறிவும் ஏறத்தாழ இதற்குச் சமமானதே. எனவே, வெளியேற முடியாமல் தங்கிவிட்ட ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத் தன்னுடன் நிறுத்திக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். சாதாரண எடைக்கருவி இந்நோயாளிக்கு ஒரு மருத்துவக் கருவி ஆவதன் இரகசியம் இதுதான். ஒருவர் இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ கொழுத்துவிட முடியாது. அத்தனை விரைவில் ஏறும் எடை நீரே.

இங்கே ஒரு முக்கியமான உண்மை கவனிக்கத்தக்கது. மூச்சுத்திணறல் நள்ளிரவில் திடீரென வந்தது என்றுதான் குடும்பத்தார் பெரும்பாலும் சொல்லுவர். ஆனால் அமெரிக்காவில் நோயாளிகளின் அன்றாட எடையைப் பதிவு செய்து 2007இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எடை ஏறத் தொடங்குவதைக் காட்டியது. அதாவது, ஆபத்து அறிவிப்பின்றி வருவதில்லை. அறிவிப்பைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. அந்த ஒரு வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி நோயாளியையும் வீட்டாரையும் பழக்குவதே தற்கவனிப்புக் கல்வியின் சாரம் ஆகும்.

எடை பார்ப்பதில் முறை உண்டு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், உணவு உண்பதற்கு முன், ஒரே மாதிரியான மெல்லிய உடையுடன், அதே கருவியில் நிற்க வேண்டும். கருவியைப் பாயின்மீதோ கோணியின்மீதோ வைத்தால் அளவு பிசகும். சிமெண்டுத் தரையே உகந்தது. எண்ணை உடனே நாட்காட்டியின் அன்றைய கட்டத்தில் எழுதிவிட வேண்டும். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோகிராமுக்கு மேல் ஏறினால், மூச்சு வாங்காவிட்டாலுங்கூட, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. எனினும், தளர்ந்த நோயாளி சரிவர உண்ணாமல் சதை இளைத்துவரும்போது, சேரும் நீர் அந்த இழப்பை மறைத்து எடையை ஒரே நிலையில் காட்டலாம். ஆகவே எண் ஒன்றையே நம்பிவிடலாகாது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சற்று அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று ஒரு தலையணையுடன் தூங்கியவர் இன்று இரண்டு கேட்கிறாரா, படுத்ததும் இருமுகிறாரா, வழக்கமாக ஏறும் படிகளில் நடுவே நிற்கிறாரா என்பனவும் எடைக்கு நிகரான சான்றுகளே. எடைக்கருவி வாங்க இயலாத வீடுகளில் இவற்றையே முதன்மையாகக் கற்பிக்க வேண்டும்.

உப்பைப் பற்றிய போதனை பெரும்பாலும் தவறான ஆளிடம் செய்யப்படுகிறது. வெளிநோயாளர் பிரிவில் தலையசைப்பவர் கணவர். குழம்பு வைப்பவர் மனைவியோ மருமகளோ. 'உப்பைக் குறையுங்கள்' என்ற சொல் சமைப்பவரின் காதில் விழாவிட்டால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் பரிந்துரைக்கும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. குழம்பில் அளந்து போட்டுவிட்டு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வீடுகளே அதிகம். ஒரு நாளைக்குரிய உப்பைக் காலையில் ஒரு சிறு கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்து, நோயாளியின் உணவுக்கு அதிலிருந்தே பயன்படுத்துவது எளிய உபாயம். அதே வேளையில், உப்பை அறவே நீக்கும்படி வற்புறுத்துவதும் சரியன்று. 2022இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தவர்களிடையே மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. சப்பென்ற உணவை வெறுத்துப் பட்டினி கிடப்பவர் மேலும் தளர்வார். கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்துவன. இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அவ்வுப்பை வாங்கலாகாது.

மருந்துகளைப் பொறுத்தவரை, நோயாளியின் அனுபவம் அவரைத் தவறான வழியில் இழுக்கிறது. நீர் மாத்திரையை விழுங்கினால் சில மணி நேரத்தில் சிறுநீர் பிரிந்து உடல் இலேசாகிறது, பலன் கண்கூடு. ஆயுளை நீட்டிக்கும் மற்ற மாத்திரைகளோ அன்றைக்கு எந்தச் சுகத்தையும் காட்டுவதில்லை. கையில் பணம் குறையும்போது முதலில் நிறுத்தப்படுபவை அவையே. இங்கிலாந்தில், இருதயத் தசை விரிவடைந்து பின்னர் முற்றும் தேறியதாகக் கருதப்பட்ட 51 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. 'குணமாகிவிட்டது' என்பதற்கும் 'மருந்தினால் அடங்கியிருக்கிறது' என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லித்தரும்போது இவ்வுதாரணம் கைகொடுக்கும். மற்றோர் ஆபத்து மருந்துக் கடையில் உள்ளது. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சீட்டின்றி வாங்கப்படும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள், உப்பையும் நீரையும் உடலில் தங்கச் செய்து, பல வாரச் சிகிச்சையைச் சில நாட்களில் கெடுத்துவிடலாம்.

அத்திபெலே போன்ற தொழிற்பகுதியில் நீர் மாத்திரைக்குத் தனித் தடை ஒன்று உண்டு. காலையில் அதை உட்கொண்டவர் அடுத்த சில மணி நேரத்தில் பலமுறை சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். அந்நேரத்தை பஸ்ஸிலும் இயந்திரத்தின் முன்பும் கழிக்க வேண்டிய தொழிலாளி, மாத்திரையையே விட்டுவிடுகிறார். அவரைக் கடிந்துகொள்வதால் என்ன பயன்? வேலை முறையை விசாரித்து, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்வதே அறிவுடைமை. நோயாளி மறைக்கும் காரணத்தை அறிந்துகொள்ளாத போதனை காற்றில் போகும்.

கற்பிக்கும் முறையும் பரிசோதிக்கப்பட்ட ஒன்றே. அமெரிக்காவில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் செவிலியர் தலைமையில் போதனையும் உணவு ஆலோசனையும் வீட்டுத் தொடர்பும் அளிக்கப்பட்டன; அவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது குறைந்தது. 2012இல் வெளியான வேறோர் ஆய்வு, ஒரே முறை பாடம் சொல்வதையும் பலமுறை தொடர்ந்து சொல்வதையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் எழுத்தறிவு குறைந்தவர்களுக்கோ தொடர்ந்த பாடமே அதிகப் பயன் தந்தது. துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்து அனுப்பிவிடுவோர் சிந்திக்க வேண்டிய முடிவு இது.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சி இல்லாமல் இல்லை. ஸ்டான்போர்டு பல்கலைக் கழக மாணவர் சிலர் நாராயண மருத்துவமனைகளுடன் கூடித் தொடங்கிய நூரா ஹெல்த் என்னும் அமைப்பு, இருதய அறுவைக்குப் பின் நோயாளியைக் கவனிக்கும் முறையைக் குடும்பத்தாருக்கு வார்டிலேயே கற்பித்தது. பின்னர் அம்முறை அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. அறுவைக்கு என அமைந்தாலும், காத்திருக்கும் உறவினரை மாணவராகக் கொண்ட அந்த ஏற்பாடு இருதயத் தளர்ச்சிக்கும் பொருந்துவதே.

'புரிந்ததா?' என்று கேட்டால் யாரும் 'புரிந்தது' என்றுதான் சொல்வர். அதற்குப் பதிலாக, 'நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்' என்று கேட்க வேண்டும். பெரியவரைக் கருவியில் ஏறச் செய்து, பேரனை எண்ணைப் படித்து எழுதச் சொல்ல வேண்டும். தவறு நேர்ந்தால், சொன்னவரின் விளக்கத்தில்தான் குறை என்று கொண்டு, வேறு சொற்களில் மீண்டும் விளக்க வேண்டும். நல்ல ஆசிரியருக்கு இது புதிதன்று. மும்மொழி வழங்கும் ஊரில் 'உப்பு' என்ற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அது உப்பேதான். 'வீக்கம்' அப்படியன்று, காலை அழுத்திக் காட்டிவிடுவது மேல்.

எல்லையைக் கடந்து ஓசூர்ப் பக்கம் வாழ்பவருடைய நாட்காட்டியையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே பையில் வைத்திருக்கச் செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தில் சிகிச்சை பெற்றவர் மறு மாநிலத்து மருத்துவரிடம் போக நேர்ந்தால் அப்பையே பேசும். எடை ஏற்றமும் கால் வீக்கமும் அன்றோ மறுநாளோ மருத்துவரைக் காணவேண்டியவை. உட்கார்ந்த நிலையிலும் மூச்சு முட்டுதல், மார்வலி, மயக்கம், நுரையுடன் கூடிய சளி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் 108 என்ற எண்ணுக்கு ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். அந்த எண் இரு மாநிலங்களிலும் ஒன்றே. வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு, முதுகுக்குத் தாங்கல் கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரை மட்டும் படுக்கவைத்தே கவனிக்க வேண்டும்.